இல்லாத பிள்ளையின் பசி

அந்தப் பையக் கொஞ்சம் மடியில எடுத்து வச்சுக்கோங்கக்கா, நான் உக்காரணும். ம். இல்ல, இந்தத் தூக்குவாளிய நான் கீழ வைக்க மாட்டேன். கோழிக் குழம்பு. இந்த டிரைவரு பிரேக் போடுற லட்சணத்துக்குக் கீழ வச்சா பாதி அவன் காலடிக்கு ஓடிரும். இவனுக்கெல்லாம் லைசென்ஸ எவன் குடுத்தானோ.

நீங்க தூத்துக்குடிக்கா? நான் கிருபாபுரம் விலக்குல இறங்கிருவேன். எதுக்குப் போறேன்னா கேட்டீங்க? கேக்கலையா? மூஞ்சி கேட்ட மாதிரி இருந்துச்சு. எம் மக அங்க ஹாஸ்டல்ல இருக்கா. கெசியா. பிளஸ் ஒன். எங்க வீட்டு வாசல்ல நின்னு தும்முனா கேக்கும், அவ்வளவு பக்கத்துல ஸ்கூல் இருக்கு. அத விட்டுட்டு அங்க போயி வரிசையில நின்னு தட்டுக் கழுவிக்கிட்டு இருக்கா. வசதி இல்லாம இல்லக்கா. எங்க வீட்டுக்காரங்க ஈ.பி.யில பெரிய வேலையில இருக்காங்க. பெறகு ஏன் ஹாஸ்டலுன்னு கேப்பீங்க. கேக்கணும். எல்லாம் அந்த டிபேட்டு செஞ்ச வேல.

எங்க பக்கத்துல இருபத்தி மூணு சேகரம், அதான் சர்ச்சு வட்டாரம், சேந்து வருஷா வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொற்போர் வைப்பாங்க. ஒரு தலைப்பு இருக்கும். ஒரு பிள்ள ஆமான்னு பேசணும், ஒரு பிள்ள இல்லன்னு பேசணும். எது யாருக்குன்னு சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. அஞ்சு நிமிஷம் பேச்சு, ரெண்டு நிமிஷம் பதில். கோப்பை என்னமோ தகரம்தான், ஒரு மழைக்குக் கறுத்துரும். ஆனா ஜெயிச்ச பிள்ள பேர ஞாயித்துக்கிழமை ஆராதனையில அறிவிப்புல வாசிப்பாங்க. இருபத்தி மூணு சேகரத்துலயும்! ‘சுகிர்தம் மக’ன்னு அத்தன கோயில்லயும் ஒரே நாள்ல காதுல விழணும்னா சும்மாவா? நான் அதுக்கு மூணு வருஷமாப் பிள்ளையத் தயார் பண்ணினேன். எனக்குப் பேச்சு தெரியும்க்கா. படிக்கிற காலத்துல நான் மைக்கத் தொட்டேன்னா முதப் பரிசு வேற எவளுக்கும் கெடையாது.

போன வருஷம் அவ பத்தாவது. ஜூலையில முதச் சுத்து. தலைப்பு என்னன்னா, ஆராதனைய டி.வி.யில பாத்தாப் போதுமா, கோயிலுக்கு வரத்தான் வேணுமா. இவளுக்குக் கோயிலுக்கு வரணும்னு பேச விழுந்துச்சு. நான் எழுதிக் குடுத்தேன். எட்டுப் பக்கம். ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சா. எதிர்ல பேசுன பையன் கேக்கான், ‘படுக்கையில கிடக்கிற நோயாளி எப்படி வருவான்?’னு. இவ பதிலுக்கு என்ன சொன்னாங்கீங்க? நான் எழுதிக் குடுத்த ஏழாம் பக்கத்தத் திரும்பச் சொன்னா. நல்லாத்தான் இருந்துச்சு. நடுவர் மூணு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு மார்க் போட்டாங்க. தட்டுத் தடுமாறித்தான் அடுத்த சுத்துக்கு வந்தா. மார்க் சீட்டுல ஒரு நடுவர் எழுதியிருக்கான், ‘மனப்பாடம் நன்று. எதிரணியின் கேள்வி காதில் விழவில்லை’ன்னு. அப்படி எழுதுனவன் யாருன்னு விசாரிச்சேன். ஏதோ காலேஜ்ல லைப்ரரியன். புத்தகத்துக்கு நம்பர் ஒட்டுறவனுக்குப் பேச்சப் பத்தி என்ன தெரியும்?

இவ அந்தச் சீட்ட மடிச்சு பைபிளுக்குள்ள வச்சிக்கிட்டா. வைக்கிற எடத்தப் பாருங்க.

‘அம்மா, அவர் சொன்னது சரிதான். அந்தப் பையன் கேட்டது எனக்கு இப்பதான் புரியுது. நோயாளிக்கு நாம என்ன பதில் சொல்லணும்?’ங்கா.

‘நோயாளி மார்க் போட வரமாட்டான், நீ அடுத்த தலைப்பப் பாரு’ன்னேன்.

எங்கிட்ட ஒரு மொற இருக்குக்கா. எதிராளி பேசும்போது காது குடுக்கக் கூடாது. குடுத்தா மனசு எளகிரும். அவன் மூஞ்சியப் பாக்கக் கூடாது. தப்பித்தவறியும் ‘நீங்க சொல்றது சரிதான், ஆனா’ன்னு ஆரம்பிக்கக் கூடாது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வசனம் வரணும், பாதிரி ஐயருமாரெல்லாம் அப்பதான் தலைய ஆட்டுவாங்க. எல்லாத்துக்கும் மேல, ஒரு உண்மைச் சம்பவம் வேணும். கண்ணு கலங்குற மாதிரி ஒரு சம்பவம். கணக்கு, காரணம், நியாயம் எல்லாம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும்தான் தாங்கும். ஒருத்தி கண்ணத் தொடைச்சான்னா கோப்பை நமக்கு.

ஆகஸ்ட்டுல அரையிறுதி. எதிர்ல யாருன்னா, இந்தக் கிருபாபுரம் ஹாஸ்டல் பிள்ள. தெபோராள்னு பேரு. ஒன்பதாவது. ஈர்க்குச்சி மாதிரி இருப்பா, சட்டக் கை முழங்கையத் தாண்டித் தொங்கும், வேற யாரோடதோ. தலைப்பு, பிள்ளைங்க வளர வீடு நல்லதா, விடுதி நல்லதா. ஆண்டவரே பாத்துப் போட்ட சீட்டு மாதிரி எங்களுக்கு வீடு விழுந்துச்சு. நான் ராத்திரி ஒரு பக்கம் எழுதினேன் பாருங்க, என் வாழ்க்கையில அப்படி எழுதுனதில்ல. ஒரு ஹாஸ்டல். பேர் சொல்ல விரும்பல. அதுல ஒரு பிள்ள. ரெண்டு நாளா அதுக்குச் சோறு கிடைக்கல. காலை ஜெபத்துல முழங்கால் போட்டுருக்கும்போது மயங்கி விழுது. எழுப்புறாங்க. எழுப்பி, ஜெபத்துல தூங்குனியான்னு பிரம்பால அடிக்காங்க. அந்தப் பிள்ள அழாம என்ன கேக்குது? ‘பரலோகத்துலயும் ஹாஸ்டல் உண்டுமா டீச்சர்?’

புல்லரிக்குல்லா? உங்களுக்கு அரிக்கலையா? சரி, பஸ்ல சத்தம். மேடையில கேக்கணும்.

கெசியா வாசிச்சுட்டு, ‘இது யாரும்மா?’ன்னா.

‘ஒரு பிள்ள.’

‘பேரு?’

‘பேரச் சொன்னா அந்தப் பிள்ளைக்கு அசிங்கம்.’

‘இப்ப எங்க இருக்கு?’

‘ஏட்டி, நீ பேச்சுப் போட்டிக்குப் போறியா, போலீஸ் வேலைக்குப் போறியா?’ன்னேன். நம்பிட்டா. பதினஞ்சு வயசுல தாய் சொன்னத நம்பாம வேற யாரு சொன்னத நம்புவா?

மேடையில சொன்னா. முந்நூறு பேரு இருந்தாங்க. முன் வரிசையில ஒரு ஐயரம்மா மூக்கச் சிந்துறா. பெறகு அந்தத் தெபோராள் எந்திரிச்சுப் பதில் சொல்ல வந்தா. ‘எனக்கு வீடு இல்ல, அதனால ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லத் தெரியல. ஆனா அந்தப் பிள்ள எங்க ஹாஸ்டல்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்’னு சொல்லிட்டு உக்காந்துட்டா. அவ்வளவுதான் அவ பேச்சு. இதுக்கு ஒரு பிள்ளையப் பஸ்ஸு ஏத்திக் கூட்டிட்டு வரணுமா?

ஜெயிச்சோம். வெளிய வேப்பமரத்துக்கிட்ட நான் எல்லார்கிட்டயும் ஸ்தோத்திரம் வாங்கிக்கிட்டு நிக்கேன். இந்தத் தெபோராள் ஓடி வாரா. கெசியா கையப் புடிச்சிக்கிட்டு, ‘அக்கா, அந்தப் பிள்ள யாருக்கா? எந்த ரூம்? நாங்க பதினாறு பேர் ஒண்ணாச் சாப்பிடுவோம், ஆளுக்கு ஒரு வாய் குடுத்தாக்கூட அதுக்கு நெறஞ்சிரும். சொல்லுங்கக்கா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ங்கா. அழுவுதா. தோத்துட்டு வந்து சோத்தப் பத்திப் பேசுதா, பாத்தீங்களா புத்தி? நான், ‘போம்மா, உங்க பஸ்ஸு போயிரும்’னு அனுப்பி வச்சேன்.

வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டாமலே இவ கேட்டா. ‘அம்மா, அப்படி ஒரு பிள்ள உண்டா?’

நான் அடுப்பப் பத்த வச்சேன்.

‘உண்டாம்மா?’

‘எங்கயாவது இருக்கும்டி. இத்தன ஹாஸ்டல் இருக்கு, ஒண்ணுல கூடவா இருக்காது? நாம பாக்கல, அவ்வளவுதானே’ன்னேன். இதுல என்னக்கா தப்பு? நீங்களே சொல்லுங்க.

அதோட விட்டுருந்தா நல்லாயிருக்கும். அந்த மூக்கச் சிந்துன ஐயரம்மா இருக்கால்லா, அவ போயி நாலு எடத்துல சொல்லிட்டா. ‘பேர் சொல்ல விரும்பல’ன்னு நான் அவ்வளவு கவனமா எழுதியிருந்தேன். ஆனா எதிர்ல நின்ன பிள்ள கிருபாபுரம், அப்ப ஹாஸ்டலும் கிருபாபுரம்தான்னு இவங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க. செப்டம்பர்ல ஒரு கமிட்டி போயிட்டு. அரிசி மூட்டைய எண்ணுறாங்களாம், பிள்ளைகள ஒவ்வொண்ணாக் கூப்பிட்டுக் கையத் திருப்பிப் பாக்காங்களாம். பதினோரு வீட்டுலருந்து வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஞானசுந்தரின்னு ஒரு வார்டன், இருபது வருஷமா அங்கயே கிடக்கிறவ, கல்யாணம் காட்சி ஒண்ணும் கிடையாது, அவள விசாரணை முடியிற வரைக்கும் லீவுல போன்னு சொல்லிட்டாங்க. கணக்கெல்லாம் சரியா இருந்துச்சாம். இருந்தாலும் அவ்வளவு கண்ணீரு சும்மா வருமான்னு கமிட்டிக்குச் சந்தேகம். பாருங்க, நான் எழுதுனது எப்படி நின்னிருக்குன்னு.

இதுல எனக்கென்ன சம்பந்தம்? கமிட்டி போனதுல நல்லதுதான் நடந்துருக்கும். குழம்புல ரெண்டு காய் கூடப் போட்டுருப்பாங்க.

கெசியா சாப்பாட்ட விட்டுட்டா. முழுசா விடல, தட்டுல போட்டதப் பாத்துக்கிட்டே இருப்பா. ஒரு சனிக்கிழமை தகப்பனும் மகளும் பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு எங்கிட்டச் சொல்லல. சாயங்காலம் வந்து சொல்லுதாங்க, கிருபாபுரம் போனோம்னு. போயி அந்தத் தெபோராள்கிட்ட, அப்படி ஒரு பிள்ள இல்லன்னு சொல்லிட்டாளாம். அவ என்ன சொன்னாளாம் தெரியுமா? ‘அப்பாடா’ன்னாளாம். ‘நாங்க தினமும் அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தோம்’னாளாம். இதுதான் சொல்லுதேன், அந்த ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ரோசமே கிடையாது. என்னைய ஒருத்தி அப்படிச் செஞ்சிருந்தா நான் கம்மாக்கரையில போட்டு உருட்டியிருப்பேன்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கதான். இறுதிச் சுத்துக்கு எங்கிட்டப் படிக்காம, தோத்த பிள்ளகிட்டப் போயிப் படிக்கா! நோட்டப் பாத்தேன். இடது பக்கம் முழுக்க எதிராளி என்ன சொல்லுவான்னு எழுதியிருக்கா. அதுவும் அவனுக்கே தோணாத அளவுக்கு நல்லா எழுதியிருக்கா. எதிராளிக்கு வக்கீலு! வலது பக்கம் நாலே வரி. ஓரத்துல ‘இதைக் கேட்டுச் சரிபார்க்கணும்’, ‘இது எனக்கு நிச்சயமாத் தெரியாது, சொல்லக் கூடாது’ன்னு பென்சில்ல குறிப்பு. தெரியாதத எல்லாம் எடுத்துட்டா மேடையில மிச்சம் என்ன இருக்கும்க்கா? வணக்கமும் நன்றியும்தான்.

‘ஏட்டி, இது என்ன கோட்டித்தனம்?’னு கேட்டேன்.

‘பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு பத்துக் கட்டளையில இருக்குல்லாம்மா. எதிராளி சொன்னதத் திரிச்சுச் சொன்னா அதுவும் பொய்ச்சாட்சிதானே? அவனும் அயலான்தானே?’

எனக்கு வேதம் சொல்லித் தாரா. ஓய்வுநாள் பள்ளிக்கு நான் பத்தொம்பது வருஷமா சூப்பரின்டெண்டு. அவ அப்பாவப் பாத்தேன். பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிட்டாங்க. கம்பத்துல ஏறி ஏறி அவங்களுக்கு வாழ்க்கையில எல்லாத்தயும் எட்ட நின்னு பாத்தே பழக்கம்.

அக்டோபர் கடைசியில இறுதிச் சுத்து. நான் பட்டுச் சேலை கட்டிக்கிட்டு முன் வரிசையில உக்காந்துருக்கேன். தலைப்பு, பதினெட்டு வயசுப் பிள்ளைகளச் சபைக் கமிட்டியில சேக்கலாமா. இவளுக்கு, சேக்கக் கூடாதுன்னு விழுந்துச்சு. எதிர்ல டவுன் ஸ்கூல் பையன், ஆல்ட்ரின். ஷூவும் டையும். நான் பத்துப் பக்கம் எழுதிக் குடுத்திருந்தேன், அதுலயும் ஒரு சம்பவம் வச்சிருந்தேன், ஒரு சின்னப்பய காணிக்கைப் பெட்டியத் தூக்கிட்டு ஓடுற மாதிரி. இவ வெறுங்கையோட மைக்குகிட்டப் போனா. நான் வாயத் தெறந்து முத வார்த்தைய அவளுக்கு எடுத்துக் குடுக்கேன். என்னையப் பாக்கவே இல்ல.

‘தலைப்புக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். என் அஞ்சு நிமிஷத்துலயே கழிச்சுக்கோங்க’ன்னா.

‘அரையிறுதியில ஒரு பிள்ளையோட கதையச் சொன்னேன். அப்படி ஒரு பிள்ள இல்ல. அது நடக்கவே இல்ல. நான் சொன்னது பொய். அதனால ஞானசுந்தரி மிஸ் வேலைக்கு வராம வீட்ல இருக்காங்க. பதினோரு பிள்ளைங்க படிப்ப விட்டுட்டுப் போயிருக்காங்க. அந்த வெற்றிய எங்கிட்டருந்து எடுத்துக்கோங்க. அவங்க பேரத் திருப்பிக் குடுங்க.’

ஐந்நூறு பேரு. மணியடிக்கிற வாத்தியாரு மணியத் தூக்குனவரு தூக்குன மாதிரியே வச்சிருக்காரு. பொறவு இவ என்னமோ ஒண்ணும் நடக்காத மாதிரி தலைப்புக்குப் போயிட்டா. மீதி மூணு நிமிஷம் பேசினா. முதல்ல அந்த ஆல்ட்ரின் பையன் கட்சிய எடுத்துச் சொன்னா. எப்படிச் சொன்னாங்கீங்க, அவனே உக்காந்த எடத்துல தலைய ஆட்டுதான். பொறவுதான் தன் கட்சிக்கு வந்தா. நல்லாப் பேசினான்னு பின்னால ரெண்டு பேரு சொல்லிக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணும் காதுல விழல.

அரையிறுதி செல்லாதுன்னுட்டாங்க. கோப்பை ஆல்ட்ரினுக்கு. அவன் வாங்குன கையோட இறங்கி வந்து இவ கையப் புடிச்சுக் குலுக்குதான், ஜெயிச்ச திமிரு. அந்த லைப்ரரியன் நடுவர் எந்திரிச்சு நிக்கான். அவன் எதுக்கு நிக்கான்? அவனப் பாத்து இன்னும் பத்துப் பேர் நிக்காங்க. ஆட்டு மந்த.

வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டுக் கேட்டேன். ‘ஏன்டி, அத்தன பேருக்கு முன்னால ‘நான் சொன்ன பொய், நான் சொன்ன பொய்’ங்கியே, அது உன் பொய்யா? ஒரு வரி நீ எழுதுனியா? ‘பரலோகத்துலயும் ஹாஸ்டல் உண்டுமா’ன்னு உன்னால யோசிக்க முடியுமா? அது என் பொய்யில்லா!’

இவ என்னையப் பாத்தா. அவ அப்பா பேப்பரக் கீழ வச்சிட்டாங்க.

‘மைக் என் கையிலதானேம்மா இருந்துச்சு’ன்னா. போயி மூஞ்சி கழுவிட்டு வந்து கணக்கு நோட்ட எடுத்துக்கிட்டு உக்காந்துட்டா. எனக்குத்தான் அன்னைக்குச் சாப்பாடு எறங்கல.

எங்க ஐயர் வந்தாரு. சின்ன வயசு, மீசையே இப்பதான் மொளைச்சிருக்கு. ‘சுகிர்தம்மா, கமிட்டிக்குப் பிள்ள சொன்னா மட்டும் போதாதாம். பெத்தவங்க ஒருத்தர் எழுதித் தரணுமாம். ஒரு வரி போதும்’னாரு. நான், டீ குடிச்சிட்டுப் போங்கன்னு சொன்னேன். ரெண்டு தடவ வந்தாரு. ரெண்டு தடவையும் டீ குடுத்தேன். மூணாந்தடவ எங்க வீட்டுக்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்க. கோழி கிண்டுன மாதிரி கையெழுத்துல, ‘இந்தச் சம்பவத்தை எங்கள் வீட்டில் உண்டாக்கினோம், தவறு எங்களுடையது’ன்னு. ‘உண்டாக்கினோம்’! இவங்க என்னத்த உண்டாக்குனாங்க? ஒரு வாழ்த்து அட்டையில ‘இப்படிக்கு’ன்னு எழுதறதுக்கே எங்கிட்டக் கேப்பாங்க. என் எழுத்துல பாதிப் பங்கு கேட்டு வந்துட்டாங்க.

டிசம்பர்ல அந்த வார்டன் திரும்ப வேலைக்கு வந்துட்டா. பிள்ளைகளும் எட்டோ ஒன்பதோ திரும்பி வந்துருச்சாம். கதை முடிஞ்சுதுல்லா? அதான் இல்ல. பத்தாவது ரிசல்ட் வந்துச்சு, நல்ல மார்க். இவ சொல்லுதா, ‘கிருபாபுரத்துல சேரப் போறேன்மா. ஹாஸ்டல்லதான் இருக்கப் போறேன்’னு. நான் குதிச்சேன். வீடுதான் நல்லதுன்னு மேடையில பேசின பிள்ளடி நீன்னேன். ‘ஆமாம்மா, அப்ப எனக்கு ரெண்டுல ஒண்ணுதான் தெரியும்’ங்கா. அவ அப்பா டிரங்குப் பெட்டி வாங்கிட்டு வந்தாங்க. பெயிண்டும் அவங்களே அடிச்சாங்க.

முத ஞாயித்துக்கிழமை பாக்கப் போனேன். அந்த ஞானசுந்தரி வாசல் வரைக்கும் வந்தா. வாங்கன்னா. நாற்காலி போட்டா. டீ குடுத்தா, அதுல சீனியே இல்ல. எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேக்கணும்லா? ‘ஏம்மா இப்படிச் செஞ்சீங்க’ன்னு ஒரு வார்த்த? கேக்கல. ‘கெசியா நல்லாச் சாப்பிடுதா, கவலப்படாதீங்க’ங்கா. எவ்வளவு ஆணவம் பாருங்க. கேட்டா நான் பதில் சொல்லியிருப்பேன்லா. என்கிட்ட நாலு பதில் இருந்துச்சு. கேக்காமலே விட்டா அந்த நாலையும் நான் எங்க கொண்டு வைக்க?

அதுலருந்து வாராவாரம் போறேன். கோழி, இல்லன்னா மீனு. இவ மூடியத் தெறந்து ஒரு துண்டு எடுத்துட்டு மத்தத அந்தப் பதினாறு தட்டுலயும் பங்கு வச்சிருவா. இப்பல்லாம் நான் ஒன்றரைக் கிலோ வாங்குறேன். விலை விக்கிற விலையில. வேற என்ன செய்ய, ஆளுக்கு ஒரு வாய் கூட வரல்லன்னா பாக்க நல்லாவா இருக்கும்?

போன வாரம் நடந்ததச் சொல்லுதேன், கேளுங்க. விலக்கு வர இன்னும் நேரம் இருக்கு.

நான் போகும்போது மரத்தடியில வட்டமா உக்காந்து பழகிக்கிட்டு இருக்காங்க. இந்த வருஷச் சொற்போருக்கு. தெபோராளும் எம் மகளும்தான் சின்னதுகளுக்குச் சொல்லிக் குடுக்குறாங்க. ஒரு விதி வச்சிருக்காங்க. நீ பதில் சொல்றதுக்கு முன்னால, எதிராளி கட்சிய நீ எடுத்துச் சொல்லணும். சொல்லிட்டு, ‘சரியா? இதுதானே நீங்க சொல்றது?’ன்னு கேக்கணும். அவ ‘சரி’ன்னு சொன்னாத்தான் நீ பதில் சொல்லலாம். ‘இல்ல’ன்னுட்டா திரும்பவும் முதல்லருந்து. இப்படி விளையாடுனா ஒரு போட்டி முடிய ஒம்போது மாசம் ஆகும். நான் சிரிச்சேன். சத்தமாவே சிரிச்சேன்.

ஒரு வாண்டு, ஆறாவதோ ஏழாவதோ, ‘ஆன்ட்டி, நீங்களும் வாங்க’ங்குது. கெசியா எந்திரிச்சா. ‘நான் எங்க அம்மா கட்சியச் சொல்லுதேன்’னா. எனக்கு எதிர்ல வந்து சம்மணம் போட்டு உக்காந்தா. தூக்குவாளி எங்கிட்டதான் இருக்கு, கீழ வைக்கக்கூட எனக்குத் தோணல.

‘எங்க அம்மா பதினொண்ணாவது படிக்கும்போது ஒரு பேச்சுப் போட்டிக்குப் போனாங்க’ன்னு ஆரம்பிக்கா. ‘ரெண்டு மாசம் கஷ்டப்பட்டு எழுதினாங்க. அவங்க தெருவுல குழாயில தண்ணி வராதது பத்தி. ஒவ்வொரு வீடாப் போயி எத்தன குடம், எத்தன மணி நேரம்னு கேட்டு எழுதினாங்க. எல்லாமே உண்மை. அவங்க பேசும்போது நடுவர் கடிகாரத்தப் பாத்தாரு. பின்னால பேசிக்கிட்டாங்க. யாரோ சிரிச்சாங்க. பாதியில மணியடிச்சு உக்கார வச்சுட்டாங்க. அடுத்தாப்ல ஒரு பிள்ள வந்து, செத்துப்போன தம்பியப் பத்தி அழுதுச்சு. எல்லாரும் அழுதாங்க. அதுக்குத்தான் முதப் பரிசு. அந்தப் பிள்ளைக்குத் தம்பியே கிடையாதுன்னு எங்க அம்மாவுக்குத் தெரியும், ஒரே தெரு. அதுக்கப்புறம் அம்மா மேடை ஏறவே இல்ல. உண்மையச் சொன்னா கேக்க மாட்டாங்க, கேக்க வைக்கணும்னா வேற ஒண்ணு வேணும்னு நெனச்சுக்கிட்டாங்க. என்னைய யாரும் அப்படி உக்கார வச்சிரக் கூடாதுன்னுதான் எல்லாமே செஞ்சாங்க. எம்மேல உள்ள பிரியத்துலதான் செஞ்சாங்க.’

அவ்வளவு பிள்ளைகளும் என்னையப் பாக்குது. அந்த வார்டன் வராந்தாவுல நின்னுக்கிட்டு இருக்கா.

‘சரியாம்மா? இதுதானே நீங்க சொல்றது?’ங்கா.

அவ அப்பாதான் சொல்லியிருக்கணும். கல்யாணம் ஆன புதுசுல என்னைக்கோ காய்ச்சல்ல ஒளறியிருப்பேன். கேட்டதத் தூக்கிப் போட வேண்டியதுதானே, இத்தன வருஷம் வச்சிருந்து மக கையில குடுத்துருக்காங்க.

‘இல்ல’ன்னு சொன்னேன். ‘தப்பு. அப்படி ஒண்ணும் கிடையாது’ன்னேன். எந்திரிச்சு, வாளிய அந்த வாண்டு கையில குடுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன். பஸ்ஸு வர முக்கா மணி நேரம் இருந்துச்சு. விலக்குல வெயில்ல நின்னேன்.

இவளும் பின்னால வந்தா. குடையக் குடுத்துட்டு, ‘பரவால்லம்மா, நான் அடுத்த வாரம் இன்னும் சரியாச் சொல்லிப் பாக்கேன்’னுட்டுப் போறா.

என்னத்த இன்னும் சரியாச் சொல்ல? அதுல ஒரு எழுத்து கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நூத்தி நாப்பத்தியோரு வீடு ஏறி இறங்குனேன்க்கா, குடத்துக் கணக்கு எழுத. அந்த நடுவர் கையில கட்டியிருந்த வாட்ச்சு வார் கூட எனக்கு ஞாபகம் இருக்கு, பச்சக் கலரு. ஆனா நான் சரின்னு சொல்லிட்டா அடுத்து அவ பதில் சொல்லுவால்லா. அதான அந்த விதி. ஒரு வருஷமா அவ எனக்கு ஒரு பதிலும் சொல்லல. மனசுல என்ன வச்சிருக்காளோ. கேக்கவா நான் பஸ்ஸு ஏறி வாறேன்?

இந்தா, விலக்கு வந்துட்டு. கண்டக்டர், ஆள் இறங்கணும்! விசில் ஊதுறதுக்குக்கூட இவனுக்கு வலிக்கும். நகருங்கக்கா, வாளி இடிச்சிரப் போகுது. இன்னைக்கும் வட்டத்துல உக்கார வச்சுக் கேப்பா. கேக்கட்டும். நான் இல்லன்னுதான் சொல்லுவேன். அடுத்த வாரமும் வருவேன், அப்பவும் இல்லன்னுதான் சொல்லுவேன்.